முதல் நல்ல நகை வாங்கப் போகிறீர்களா? கடைக்குள் நுழைவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

நகை வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது இன்றைக்குத் தங்கம் என்ன விலை என்பதைத்தான். அது தெரிந்திருக்க வேண்டியதுதான், ஆனால் அதற்கும் முன்னால் உங்களுக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த நகை உடம்பில் எத்தனை நேரம் இருக்கப் போகிறது? குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றாமல் போட்டிருக்கப் போகிறீர்களா, வருடத்துக்கு நாலைந்து முறை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைக்கப் போகிறீர்களா, இல்லை பின்னால் ஒரு அவசரத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்ற கணக்கு மனதில் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் மூன்று விதமான நகை. ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குச் சரிவராது. எந்த உலோகம், எந்தக் கல், எப்படிக் கட்டியது, செய்கூலி எவ்வளவு கொடுக்கலாம் என்று அடுத்தடுத்து வருகிற எல்லா முடிவும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. சொந்தச் சம்பாத்தியத்தில் நான் முதன்முதலாக வாங்கியது ஒரு முத்து மோதிரம், ஆசை ஆசையாக வாங்கியது, ஒரு நாள்கூடக் கழற்றவில்லை. ஒன்றரை வருடத்தில் முத்தின் மேல்பக்கம், கதவிலும் மேசையிலும் உரசுகிற அந்த இடம் மட்டும், பளபளப்பு போய் சுண்ணாம்பு பூசியது போல ஆகிவிட்டது. முத்து மட்டமானது இல்லை, கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. தினமும் கையில் கிடக்கிற மோதிரத்துக்கு முத்து தாங்காது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதே முத்தைத் தோடாக வாங்கியிருந்தால் இன்றைக்கும் அப்படியே இருந்திருக்கும், காதில் எதுவும் உரசுவதில்லையே.

சரி, வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் உலோகம்: எந்தக் காரட்?

நம் மொழியில் ஒரு சிக்கல், தங்கத்துக்கும் காரட் என்கிறோம், வைரத்துக்கும் காரட் என்கிறோம். இரண்டு சொல்லும் கரோப் என்ற மரத்தின் விதையிலிருந்து வந்தவைதான், ஆனால் இன்றைக்கு இரண்டும் வேறு. தங்கத்தில் காரட் என்பது மாற்று, அதாவது 24 பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு. கல்லில் காரட் என்பது எடை, ஒரு காரட் 0.2 கிராம். கடையில் பேசும்போது இது குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 18 காரட் என்றால் 750, 14 காரட் என்றால் 585, 9 காரட் என்றால் 375. நகையில் குத்தியிருக்கும் எண்ணும் இதேதான். காரட் கூடக் கூட நிறம் அழுத்தமாகும், விற்றால் அதிகம் கிடைக்கும், ஆனால் மெதுமெதுவென்று ஆகிவிடும். சுத்தத் தங்கத்தைக் கையாலேயே வளைக்கலாம். அதனால்தான் அதில் செம்பு, வெள்ளி, துத்தநாகம் என்று ஏதாவது கலக்கிறார்கள். கல்லே இல்லாத சங்கிலி, வளையல் என்றால் 22 காரட் நன்றாகவே இருக்கும். ஆனால் தினமும் போடும் வைர மோதிரத்தை 22 காரட்டில் கேட்காதீர்கள், கல்லைப் பிடித்திருக்கும் சின்ன நகங்கள் நாளாவட்டத்தில் வளைந்து கொடுத்துக் கல் ஆட ஆரம்பிக்கும். அதற்கு 18 அல்லது 14 காரட்தான் சரி. "18 காரட் என்றால் மட்டம்" என்று சிலர் நினைக்கிறார்கள், அது மட்டமில்லை, அந்த வேலைக்கு ஏற்ற கலவை. ஒன்றே ஒன்று, 18 காரட் நகைக்கு 18 காரட்டின் விலையைத்தான் கொடுக்க வேண்டும். 12 கிராம் மோதிரத்தில் 9 கிராம்தான் தங்கம் என்பது மனக்கணக்காகத் தெரிந்திருக்கட்டும்.

வெள்ளைத் தங்கம் என்பது இயற்கையில் கிடைக்கும் வேறு ஒரு தங்கம் இல்லை. மஞ்சள் தங்கத்தோடு பலேடியம் அல்லது நிக்கல் கலந்து நிறத்தைக் குறைத்து, பெரும்பாலும் மேலே ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தின் முலாம் பூசுகிறார்கள். கடையில் கண்ணாடி போல மின்னுவது அந்த முலாம்தான். மோதிரமாக இருந்தால் ஓரிரு வருடத்திலேயே தேய்ந்து லேசான மஞ்சள் எட்டிப் பார்க்கும், திரும்பப் பூச வேண்டும், அந்தச் செலவு நகை இருக்கும் வரை உண்டு. இன்னொன்று, நிக்கல் நிறையப் பேருக்குத் தோலில் ஒத்துக்கொள்வதில்லை. தோல் சிவந்து அரிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலில் படும் நகைகளிலிருந்து வெளிப்படும் நிக்கல் அளவுக்குச் சட்ட வரம்பே இருக்கிறது. கவரிங் தோடு போட்டு காது புண்ணான அனுபவம் உங்களுக்கு இருந்தால், வெள்ளைத் தங்கத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

பிளாட்டினம் பெரும்பாலும் 950, அதாவது ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம். தங்கத்தைவிட அடர்த்தி அதிகம், அதனால் அதே அளவு மோதிரம் கையில் கனக்கும், சிலருக்கு அந்தக் கனம் பிடிக்கும், சிலருக்குத் தொல்லை. அதிலும் கீறல் விழும். ஆனால் தங்கத்தில் கீறினால் கொஞ்சம் உலோகம் உதிர்ந்து போகும், பிளாட்டினத்தில் உலோகம் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும், நாளானால் மங்கலான ஒரு மெருகு வந்துவிடும். வெள்ளி என்றால் 925 என்று பாருங்கள், கறுக்கும், துடைத்தால் போய்விடும். தங்க முலாம் பூசிய வெள்ளியைத் தங்க நகை வரிசையில் வைத்துப் பேசினால் மட்டும் கவனம், எண் 925 என்று இருந்தால் அது வெள்ளிதான், மேலே எவ்வளவு மின்னினாலும்.

முத்திரையும் அதை யார் குத்தியது என்பதும்

எண் இருந்தால் போதாது, அதைக் குத்தியது யார் என்று பார்க்க வேண்டும். செய்தவரே குத்திக்கொள்வது ஒன்று, தனியான சோதனைச் சாலை பரிசோதித்துவிட்டுக் குத்துவது இன்னொன்று. இரண்டாவதுதான் ஹால்மார்க். இந்த ஏற்பாடு பழையது: 1300-ல் இங்கிலாந்தில் மன்னர் முதலாம் எட்வர்டின் சட்டம் பொன், வெள்ளிப் பொருள்களைச் சோதித்துத்தான் விற்க வேண்டும் என்றது, பிறகு லண்டன் பொற்கொல்லர் மன்றமான கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்குக் கொண்டுவந்து முத்திரை வாங்க வேண்டும் என்று ஆனது, அந்த மன்றத்தின் பெயரிலிருந்துதான் ஹால்மார்க் என்ற சொல்லே வந்தது. நீங்கள் இருக்கும் நாட்டில் அதிகாரபூர்வ முத்திரை எப்படி இருக்கும் என்று போவதற்கு முன் படத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் லென்ஸ் கேட்டு வாங்கி உங்கள் கண்ணால் பாருங்கள்.

இப்போது பல கடைகளில் எக்ஸ் கதிர் கருவியில் வைத்து மாற்று காட்டுகிறார்கள். நல்ல விஷயம், நகைக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் அது மேல்பரப்பைத்தான் படிக்கும், தடித்த முலாமை ஊடுருவி உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடாது. பழைய நகையைக் கைமாற்றி வாங்கும்போது இது முக்கியம்.

எடையும் பில்லும்

என் அனுபவத்தில் புதிதாக வாங்குகிறவர்கள் பணம் விடுவது கல்லின் தரத்திலோ தங்கத்தின் மாற்றிலோ இல்லை, இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு கல் பதித்த பதக்கம் தராசில் 25 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது மொத்த எடை. அதில் கற்கள் 20 காரட் இருந்தால் அது 4 கிராம். ஆக நிகரத் தங்கம் 21 கிராம். பில்லில் 25 கிராமுக்குத் தங்க விலை போட்டு, கல்லுக்கும் தனியாக விலை போட்டிருந்தால், அந்த 4 கிராம் கல்லுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறீர்கள். செய்கூலி சதவீதமாக இருந்தால் அதன் மேலும் செய்கூலி ஏறும், அதன் மேல் வரியும் ஏறும். கல்லுக்குப் பின்னால் அரக்கு அடைத்திருந்தால் அந்த எடையும் கழிய வேண்டும். முத்து, பவளம் கோத்த மாலைகளில் நூல், பாசி எல்லாம் சேர்ந்து மொத்த எடை தாராளமாக ஏறியிருக்கும். எனவே நீங்கள் கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்: மொத்த எடை எவ்வளவு, கல் எடை எவ்வளவு, நிகர எடை எவ்வளவு, மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். இதற்குத் தயங்குகிற இடத்தில் வாங்காதீர்கள், வேறு காரணமே வேண்டாம்.

அடுத்து, விலை எந்த மாற்றுக்கானது என்று பாருங்கள். பலகையில் எழுதியிருப்பது 24 காரட் விலையா 22 காரட் விலையா? 18 காரட் நகைக்கு எந்த விலையில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்? அப்புறம் செய்கூலி, சில இடங்களில் சேதாரம் என்று தனியாகவும் வரும். சேதாரம் என்பது செய்யும்போது அரத்தூளாகவும் உருக்கிலும் போகிற தங்கத்துக்கான கணக்கு. கையால் செய்த நுணுக்கமான வேலைக்குச் செய்கூலி கூடுதலாக இருப்பது நியாயம், ஒரு மனிதர் நாள்கணக்கில் உட்கார்ந்து செய்கிறார். அச்சில் வார்த்து எடுத்த, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வருகிற நகைக்கு அதே சதவீதம் கேட்டால் பேரம் பேசுங்கள்.

இங்கேதான் முதலில் சொன்ன கேள்வி திரும்ப வருகிறது. விற்கும்போது உங்களுக்குத் திரும்பக் கிடைப்பது தங்கத்தின் மதிப்பு மட்டும்தான், செய்கூலியும் வரியும் போனது போனதுதான். செய்கூலி 20 சதவீதம் என்றால், தங்கம் விலை 20 சதவீதம் ஏறிய பிறகுதான் நீங்கள் அசலைத் தொடுகிறீர்கள், அதுவும் வரியையும் திரும்ப எடுக்கும்போது பிடிக்கும் கழிவையும் விட்டுவிட்டுப் பார்த்தால். சேமிப்புக்காக வாங்குகிறவர் கல்லில்லாத, வேலைப்பாடு குறைந்த நகையை எடுக்க வேண்டும், அதைவிட நாணயமோ கட்டியோ இன்னும் நல்லது. போட்டு மகிழ்வதற்காக வாங்குகிறவர் செய்கூலியை நஷ்டமாக நினைக்க வேண்டியதில்லை, அந்த அழகுக்குத்தான் அந்தப் பணம். இரண்டையும் ஒரே நகையில் எதிர்பார்ப்பதுதான் பிரச்சினை.

நகையைத் திருப்பிப் பாருங்கள்

நகையின் முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள், வேலையின் தரம் முதுகில்தான் தெரியும். நல்ல ஆசாரி பின்பக்கத்தையும் மெருகு போட்டிருப்பார், ஓரங்கள் தோலில் குத்தாது, பற்ற வைத்த இடம் கட்டி தட்டாமல் சீராக இருக்கும். விரலால் பின்பக்கம் முழுக்கத் தடவுங்கள். கைக்குட்டையோ துப்பட்டாவின் நுனியோ எடுத்து கல்லைச் சுற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் ஏதோ ஒரு நகம் சரியாகப் படியவில்லை. இன்றைக்குத் துணியை இழுக்கும் அது, நாளைக்குத் தானே நிமிர்ந்து கல்லை விட்டுவிடும். மோதிரத்தைக் காதருகே வைத்து லேசாகத் தட்டுங்கள், கல் தளர்வாக இருந்தால் மெல்லிய கிலுகிலுப்பு கேட்கும்.

சங்கிலியில் பார்க்க வேண்டியது கொக்கியும், கொக்கியைச் சங்கிலியோடு சேர்க்கிற அந்தச் சின்ன வளையமும். அந்த வளையத்தின் வாய் பற்ற வைக்கப்படாமல் வெறுமனே நெருக்கி மூடப்பட்டிருந்தால், என்றாவது ஒரு நாள் இழுபடும்போது திறந்துகொள்ளும், சங்கிலி தொலைவது பெரும்பாலும் இப்படித்தான். பற்ற வைத்துத் தரச் சொன்னால் சில நிமிட வேலை. கொக்கியை நீங்களே, ஒற்றைக் கையால், கண்ணாடி பார்க்காமல் பத்து முறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். பதக்கம் கனமாகவும் சங்கிலி மெல்லியதாகவும் இருந்தால் பதக்கம் தொங்கும் இடத்தில் கண்ணிகள் தேய்ந்து அறும்.

தடியாகத் தெரியும் வளையல் கையில் எடுத்தால் காற்றாக இருக்கிறதா? உள்ளே வெறும் கூடு. அதில் தவறில்லை, விலை குறையும், காதுக்கு என்றால் கனமில்லாமல் இருப்பதே நல்லது. ஆனால் கையில் போட்டால் சீக்கிரம் நசுங்கும், நசுங்கியதை நிமிர்த்துவது சிரமம், தேய்ந்து ஓட்டை விழுந்தால் அவ்வளவுதான். தினமும் போட என்றால் கெட்டியாக, கொஞ்சம் சிறியதாக வாங்குவது மேல். தோடு வாங்கினால் திருகாணியைத் திருகிப் பாருங்கள், புரி வழுக்கினால் மாற்றச் சொல்லுங்கள்.

கல் வைத்த நகை என்றால்

கற்களின் கடினத்தை ஜெர்மானியர் பிரீட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த பத்துப் படி அளவில்தான் இன்றும் சொல்கிறார்கள். வைரம் 10, மாணிக்கமும் நீலக்கல்லும் 9, புஷ்பராகத்துக்குப் பதிலாக விற்கப்படும் டோபாஸ் 8, மரகதம் ஏழரை முதல் 8, அமெதிஸ்ட் போன்ற குவார்ட்ஸ் வகைகள் 7, ஓபல் ஆறு பக்கம், முத்தும் பவளமும் நாலுக்கு மேல் போவதே அரிது. இதில் நினைவில் வைக்க வேண்டிய எண் 7. ஏனென்றால் நாம் அன்றாடம் துடைக்கிற தூசியில் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கிறது. ஏழுக்குக் கீழே உள்ள கல்லைத் தூசியோடு துடைத்தாலே நுண்கீறல் விழும், நாளடைவில் மங்கும். மோதிரத்துக்கும் கை வளைக்கும் ஏழுக்கு மேலே எடுங்கள், தோட்டுக்கும் பதக்கத்துக்கும் எதுவும் சரி.

கடினம் வேறு, உடையாத தன்மை வேறு, இது பலருக்குத் தெரியாது. வைரத்தை இன்னொரு வைரத்தைத் தவிர எதுவும் கீற முடியாது, ஆனால் சரியான கோணத்தில் ஒரு அடி விழுந்தால் பிளந்துவிடும். மரகதத்துக்குள் இயல்பாகவே வெடிப்புகள் இருக்கும், அதனால் தட்டினால் உடையும். கூர்முனை உள்ள கல் என்றால் அந்த முனையை உலோகம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தினமும் வேலை செய்கிற கைக்கு, கல்லைச் சுற்றிலும் உலோக விளிம்பு கட்டியிருப்பது நகத்தில் நிற்பதைவிடப் பாதுகாப்பு, கொஞ்சம் பளபளப்பு குறைந்தாலும்.

அடுத்து, கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பது. மாணிக்கத்தையும் நீலக்கல்லையும் சூடாக்கி நிறம் ஏற்றுவது வெகுகாலமாக உள்ள வழக்கம், நிறம் நிலைத்து நிற்கும், சொல்லிவிட்டு விற்றால் அதில் குற்றமில்லை. சூடாக்காத கல்லுக்கு விலை பல மடங்கு. மரகதத்தின் வெடிப்புகளை எண்ணெயால் நிரப்புவதும் வழக்கம்தான், அதனால்தான் மரகதத்தை ஒலி அதிர்வால் நகையைக் கழுவும் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்யக் கூடாது, எண்ணெய் வெளியேறி வெடிப்பெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் என்று ஒன்று வருகிறது, அதை மாணிக்கம் என்று மட்டும் சொல்லி விற்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஒன்றுக்கும் உதவாத கல்லின் வெடிப்புகளைக் கண்ணாடியால் அடைத்துப் பார்க்க அழகாக ஆக்கியது அது. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கும், மோதிரத்தைச் சரிசெய்யப் பொற்கொல்லர் ஊதுகுழலை நீட்டினால் கல் கெடும். பெரிய, நல்ல சிவப்பான மாணிக்கம் நம்ப முடியாத மலிவில் கிடைத்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். "ஏதாவது சிகிச்சை செய்த கல்லா, என்ன சிகிச்சை" என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள்.

முத்து இன்றைக்கு விற்பனையில் உள்ளது ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துதான், அதில் ஏமாற்று இல்லை. கண்ணாடி மணிக்குப் பூச்சு பூசியதுதான் போலி. இரண்டு முத்தை ஒன்றோடொன்று மெல்லத் தேய்த்தால் உண்மையானது நுண்மணல் போல நறநறக்கும், போலி வழுக்கும்.

வைரம்

வைரத்தின் தரத்தைச் சொல்வது எடை, நிறம், தூய்மை, வெட்டு என்று நான்கு. அமெரிக்காவில் 1931-ல் தொடங்கிய ஜிஐஏ என்ற ரத்தினவியல் நிறுவனம் பரப்பிய முறை, இப்போது எங்கும் இதுதான். நிறம் டி-யில் தொடங்கி இசட் வரை போகும், டி முற்றிலும் நிறமற்றது. இந்த நான்கில் புதியவர் எடையைத்தான் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொள்ள வேண்டியது வெட்டை. வைரம் மின்னுவது அதன் வெட்டால். வைரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-லேயே உருண்டை வைரத்தின் கோணங்களைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: கோணம் சரியாக இருந்தால் மேலிருந்து நுழையும் ஒளி உள்ளே இரண்டு முறை திரும்பி மேல்வழியாகவே வெளியே வரும், ஆழம் கூடினாலோ குறைந்தாலோ அடியில் கசிந்துவிடும். எடையைக் காப்பாற்றுவதற்காக அடியை ஆழமாக விட்ட வைரங்கள் உண்டு, காரட் கணக்கில் பெரியது, மேலிருந்து பார்த்தால் சிறியது, நடுவில் இருட்டு. காசு கொடுப்பதோ எடைக்கு.

எடையைப் பற்றி இன்னொன்று. சரியாக ஒரு காரட், அரைக் காரட் என்ற இடங்களில் விலை தாவும், ஏனென்றால் எல்லாரும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஒரு காரட் உருண்டை வைரத்தின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர், 0.90 காரட் என்றால் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் குறையும். அது நம் நகத்தின் தடிமனில் பாதி. விரலில் போட்டால் எவருக்கும் தெரியாது, விலையில் நன்றாகத் தெரியும். நிறத்திலும் மஞ்சள் தங்கத்தில் பதிக்கிற கல்லுக்கு டி, இ என்று மேலே போவது வீண், தங்கத்தின் மஞ்சளே கல்லில் பிரதிபலிக்கும். தூய்மை பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துத் தரப்படுவது, வெறும் கண்ணுக்குக் குறை தெரியாத கல் போதும், மிச்சமாகும் பணத்தை வெட்டில் போடுங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான், அதே கார்பன், அதே கடினம், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. போட்டுக்கொள்ள மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம். விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம், சில வருடங்களாக அதன் விலை பெரிதாக இறங்கியிருக்கிறது, திரும்ப வாங்குவோரும் குறைவு. வைரம் போலவே தெரியும் மாய்ஸனைட் வேறு பொருள், சிலிகன் கார்பைடு. கடையில் பேனா போல ஒரு சோதனைக் கருவி வைத்து "பாருங்கள், வைரம் என்று காட்டுகிறது" என்பார்கள், வெப்பம் கடத்துவதை மட்டும் அளக்கிற கருவி மாய்ஸனைட்டையும் வைரம் என்றுதான் காட்டும். எனவே நம்ப வேண்டியது தனி ஆய்வகத்தின் சான்றிதழை. பல வைரங்களில் சான்றிதழ் எண்ணை விளிம்பில் லேசரால் பொறித்திருப்பார்கள், லென்ஸில் அந்த எண்ணைப் படித்து, ஆய்வகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, எடையும் மில்லிமீட்டர் அளவும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே போனில் பாருங்கள். கடையே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை சான்றிதழ் ஆகாது.

ஒரு கடைசி வேலை: கல்லைக் கடையின் கூரை விளக்குக்குக் கீழிருந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். அந்த விளக்கில் கண்ணாடித் துண்டும் ஜொலிக்கும். நிழலான பகல் வெளிச்சத்தில் கல் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அது உங்கள் கையில் பெரும்பாலான நேரம் இருக்கப் போகிறது.

மோதிர அளவு

விரல் வெயிலில் வீங்கும், குளிரில் சுருங்கும், காலையைவிட மாலையில் தடிக்கும். மாலையில் அளவெடுங்கள், முடிந்தால் இரண்டு வெவ்வேறு நாளில். மூட்டைத் தாண்டும்போது கொஞ்சம் அடம்பிடித்து இறங்க வேண்டும், அதுதான் சரியான அளவு. அகலமான மோதிரம் என்றால் அரை அளவு கூட்ட வேண்டியிருக்கும். சுற்றிலும் முழுக்கக் கல் பதித்த மோதிரத்தைப் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ நடக்காத காரியம், விரல் தடிக்க வாய்ப்பிருந்தால் பாதிச் சுற்றுக்கு மட்டும் கல் வைத்ததை எடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்

முதல் முறை போகும்போது வாங்கும் நோக்கத்தோடு போகாதீர்கள். பாருங்கள், போட்டுப் பாருங்கள், எடையும் செய்கூலியும் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். "இந்த விலை இன்று மட்டும்" என்று சொன்னாலும் வந்துவிடுங்கள். வீட்டில் இரண்டு நாள் கழித்தும் அதே நகைதான் மனதில் நிற்கிறது என்றால் அதுதான் உங்களுடையது.

வாங்கும் நாளில் கேட்க வேண்டியவை: திருப்பிக் கொடுக்கலாமா, எத்தனை நாளுக்குள், பணமாகவா பண்டமாகவா? திரும்ப எடுத்தால் எந்த விலையில், எவ்வளவு கழிவு, கல்லுக்கு ஏதாவது உண்டா இல்லையா? கல் விழுந்தால், கொக்கி உடைந்தால் யார் செலவு? வாயால் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டி வராதீர்கள், பில்லின் பின்பக்கத்திலாவது எழுதி வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது இதே ஆள் அங்கே இருக்க மாட்டார். பில்லில் உலோகம், மாற்று, மூன்று எடைகள், கல்லின் பெயரும் எடையும், சிகிச்சை, செய்கூலி, வரி எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ஒரே தொகையாகப் போட்ட பில்லை வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே நகையின் முன்பக்கம், பின்பக்கம், முத்திரை மூன்றையும் போட்டோ எடுத்து பில்லோடு வையுங்கள். காப்பீடு செய்தாலும், தொலைந்தாலும், பிறகு விற்றாலும் தேவைப்படும். ஒவ்வொரு நகையையும் தனித்தனி உறையில் வையுங்கள், வைரம் பக்கத்தில் கிடக்கும் எல்லாவற்றையும் கீறிவிடும், இன்னொரு வைரத்தைக்கூட. நீச்சல் குளத்தின் குளோரினும் வீட்டில் தெளிக்கும் பிளீச்சிங்கும் காரட் குறைந்த தங்கத்தை அரித்து வெடிக்க வைக்கும், அதற்கு முன் கழற்றிவிடுங்கள். முத்துக்கு வாசனைத் திரவியமும் வியர்வையும் ஆகாது, எல்லா அலங்காரமும் முடிந்த பிறகு கடைசியாகப் போட்டு, வந்ததும் முதலில் கழற்றி, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து வைக்க வேண்டும். முத்துமாலையை அடிக்கடி போட்டால் நூல் தளரத் தொடங்கியதுமே மாற்றிக் கோக்கக் கொடுங்கள், ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சு போடச் சொல்லுங்கள், அறுந்தாலும் ஒரு முத்தோடு போகும்.

தினமும் போடும் கல் மோதிரத்தை வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப்போய் நகங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாகத் தெரிந்தால் கல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், வைரத்தில் எண்ணெய்ப் பசை எளிதாக ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கம் தேய்த்தால் போதும், முத்துக்கும் மரகதத்துக்கும் ஓபலுக்கும் மட்டும் இந்த ஊறவைப்பு வேண்டாம். இதைக் குழாயடியில் செய்யாதீர்கள், ஒரு கிண்ணத்தில் செய்யுங்கள், கிண்ணத்துத் தண்ணீரையும் வடிகட்டி வழியாக ஊற்றுங்கள், சின்னக் கல் ஏதாவது கழன்றிருந்தால் அதில் நின்றுவிடும்.